ஆச்சி சென்னைக்கு எப்ப வரலாம்?

"ஏல, ஆனி மாசம்தானல. சாரல் அடிக்கிற மாசம். இப்பம் வந்தா என்ன?"

போன வருஷம் ஜூன் கடைசியில் ஆச்சி போனில் இப்படித்தான் கேட்டாங்க. நானும் யோசிக்காமல், "வாங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் ஆனி ஆடி என்றால் மலையில் மேகம் இறங்கும், குற்றாலத்தில் சீசன் களை கட்டும், மதியத்திலும் காற்று சிலுசிலுவென்று இருக்கும். ஆச்சியின் காலண்டரில் அது சுகமான மாசம்.

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது காலை ஏழு மணி இருக்கும். "என்னல இது, அடுப்பங்கரைக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார்கள். நான் சிரித்தேன். அன்றைக்கே பதினொன்றரை மணிக்கு, ஆச்சி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த எம்.ஜி.ஆர். சமாதியைக் காட்ட மெரினாவுக்குக் கூட்டிப் போனேன். பஸ்சை விட்டு இறங்கி நடக்கும்போதே ஆச்சியின் பேச்சு குறைந்தது. "தல சுத்துதுல" என்று சொல்லி, அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டார்கள்.

இளநீர் விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் ஓடி வந்து, நிழலில் படுக்க வைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய டாக்டர், "வெப்பத் தளர்ச்சி. பிரஷர் மாத்திரையில நீர் பிரியிற மருந்தும் இருக்கு. இவங்களை இந்த நேரத்துல யாராவது வெளியில கூட்டிட்டு வருவாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷமாக மெக்கானிக்கல் படிக்கிறேன். ஈரப்பதத்தை அளக்க லேபில் சைக்ரோமீட்டரைச் சுற்றியிருக்கிறேன். ஆச்சியை எப்போது வரச் சொல்வது என்பது மட்டும் தெரியவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சி மறுபடி ஆரம்பித்தார்கள். "சமாதியப் பாக்காமலே வந்துட்டேன்ல. எப்பம் வரட்டும், சொல்லு." இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. ஹாஸ்டலில் இருக்கிற நம்மில் பலருக்கும் ஊரிலிருந்து இதே கேள்வி வரும் என்பதால் எழுதுகிறேன்.

சதவீதத்தை நம்பாதீங்க

முதலில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. அப்பா செல்போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜனவரி காலையில ஈரப்பதம் 85 சதவீதம். மே மாசம் மத்தியானம் 55தான். அப்போ மே மாசம்தானடா புழுக்கம் கம்மி?"

எண்கள் சரி, முடிவு தப்பு. செல்போன் காட்டுவது சார்பு ஈரப்பதம். காற்று அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்த அதிகபட்சம் வெப்பநிலையோடு மாறிக்கொண்டே இருக்கும். சின்ன டம்ளரில் முக்கால்வாசி தண்ணீரும் பெரிய குடத்தில் பாதித் தண்ணீரும் ஒன்றா?

கணக்காகப் பார்த்தால், 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 19 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 85 சதவீதம் என்றால் 16 கிராம் சொச்சம். 36 டிகிரியில் அதே காற்று சுமார் 42 கிராம் தாங்கும். அதில் 55 சதவீதம் என்றால் 23 கிராம். ஆக, "55 சதவீதம்" என்று அப்பாவியாகத் தெரிகிற மே மாதக் காற்றில்தான் உண்மையில் நீராவி அதிகம்.

இதற்கு நேரடியான அளவு ஒன்று இருக்கிறது: பனிநிலை. லேபில் டியூ பாயிண்ட் என்போமே, அதேதான். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகப் படிய ஆரம்பிக்குமோ, அந்த எண். பெரும்பாலான வானிலை ஆப்களில் "மேலும் விவரம்" பகுதியில் இது இருக்கும், நாம்தான் திறந்து பார்ப்பதில்லை. மேலே சொன்ன ஜனவரிக் காற்றின் பனிநிலை 19 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். மே மாதக் காற்றின் பனிநிலை 25ஐத் தாண்டும். என் அனுபவத்தில் 20ஐ ஒட்டி இருந்தால் சட்டை ஒட்டாது. 24க்கு மேல் போனால் குளித்துவிட்டு வந்த ஐந்தாவது நிமிஷமே மறுபடி குளிக்கத் தோன்றும்.

வேர்வை வேலை செய்யணும்

இந்த நீராவிக் கணக்கு ஏன் உயிர் பிரச்சினை ஆகிறது? நம் உடம்பில் இருக்கிற ஒரே ஏசி வேர்வைதான். வேர்வை வந்தால் மட்டும் குளிராது, அது ஆவியாகணும். ஆவியாகும்போதுதான் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே நீராவி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் வேர்வை ஆவியாக இடம் கிடைக்காது, சொட்டச் சொட்ட வழிந்து கீழே விழும். உடம்பு நீரையும் இழக்கும், குளிரவும் செய்யாது. இரட்டை நஷ்டம்.

இதை அளப்பதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் எந்த அளவுக்குக் குளிருமோ, அந்த எண். ஈரத்துணிக்குப் பதில் வேர்வையில் நனைந்த நம் தோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மத்தியானங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

உள்மாவட்டக் கோடை: 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 24.
சென்னைக் கோடை: 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஈரக்குமிழ் 28க்கு மேல்.
சென்னை ஜனவரி: 29 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 23.

முதல் இரண்டையும் பாருங்கள். ஐந்து டிகிரி குறைவாக இருக்கிற சென்னைதான் உடம்புக்கு நான்கு டிகிரி கடினம். "எங்க ஊர்ல நாப்பது அடிக்கும், உங்க முப்பத்தஞ்சு என்ன பெரிய வெயிலா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இதைக் காட்டலாம். உலர்ந்த வெயிலில் நிழலும் தண்ணீரும் கிடைத்தால் வேர்வை தன் வேலையைப் பார்க்கும். புழுக்கத்தில் நிழலில் நின்றாலும் அது திணறும்.

ஈரக்குமிழ் 35ஐத் தொட்டால் எப்பேர்ப்பட்ட உடம்பும் பல மணி நேரம் தாங்காது என்பது கோட்பாட்டுக் கணக்கு. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022ல் வெளியிட்ட சோதனையில், ஈரமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீற ஆரம்பித்தது. வயதானவர்களுக்கு வேர்ப்பதும் குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு. அதோடு நீர் பிரியிற மாத்திரை வேறு. நமக்கு வெறும் எரிச்சலாக இருக்கிற புழுக்கம் ஆச்சிக்கு ஆஸ்பத்திரி ஆனதில் ஆச்சரியமே இல்லை.

அம்பையின் சாரல், சென்னையின் நெருப்பு

சரி, ஒரே ஜூன் மாசம் அங்கே அப்படி, இங்கே இப்படி ஏன்? இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலையை ஒட்டிய குற்றாலம், அம்பைப் பக்கம் அதன் சாரல் தெறிக்கிறது. மழையைக் கொட்டிவிட்டு மலை இறங்கி, தரைக்கு மேல் பயணம் செய்து சூடாகி, கடைசியில் சென்னைக்கு வந்து சேரும்போது அது அனல் காற்று.

சென்னையைக் காப்பாற்ற வேண்டியது கடல் காற்று. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், நிலத்தின் மேல் காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். அது நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் வெயில் அதற்கு மேல் ஏறாது. ஆனால் ஜூனில் மேற்குக் காற்று பலமாக எதிர்த்து வீசுவதால் கடல் காற்று பிற்பகல் வரை வாசலிலேயே நிற்கும். அதனால்தான் அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் சென்னையில் வெயில் முடிவதில்லை. நுங்கம்பாக்கத்தின் நீண்டகாலச் சராசரியில் மே, ஜூன் இரண்டு மாதங்களுக்குமே பகல் உச்சம் சுமார் 37 டிகிரி. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்ன பிறகு!

இதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று ராத்திரி. மே, ஜூனில் இரவின் குறைந்தபட்சமே 27, 28 டிகிரி. பகலில் வாங்கிய சூட்டை மொட்டைமாடித் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். உடம்பு ஓய்வெடுக்க நேரமே கிடைக்காது. ஏசி இல்லாத சித்தப்பா வீட்டில் தங்கும் விருந்தாளிக்கு மூன்றாம் நாள்தான் உண்மையான சோதனை. ஜனவரியில் அதே இரவு 21 டிகிரி வரை இறங்கும்.

மாசவாரியாக ஒரு பார்வை

ஏப்ரல் முதல் ஜூன் வரை: வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு மேல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், உங்கள் நிழல் உங்கள் காலடியில் ஒளிந்துகொள்ளும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: பகல் 34, 35. சில மாலைகளில் இடி மழை கொட்டி நகரத்தைக் கழுவும். நல்ல உடல்நிலை உள்ளவர்கள் சமாளிக்கலாம். மழைக்கு மறுநாள் காலை மட்டும் அழகு, மத்தியானம் புழுக்கம்.

அக்டோபர் முதல் பாதி: இதுதான் பொறி. "வெயில் காலம் முடிஞ்சிடுச்சே" என்று தோன்றும். மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று இன்னும் வந்திருக்காது, ஈரம் மட்டும் தேங்கி நிற்கும். 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் மெரினாவில் உச்சி வெயிலில் கூடினார்கள். வெயிலிலும் நெரிசலிலும் பலர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அது மே மாசம் இல்லை, அக்டோபர். செல்போன் காட்டுகிற டிகிரியை மட்டும் பார்த்தால் இதுபோன்ற நாள் ஆபத்தாகவே தெரியாது.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை: வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தச் சில வாரங்களில்தான் கொட்டும். வெப்பம் குறைந்துவிடும், ஆனால் பயணத் திட்டம் வானத்தின் கையில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள் கணக்கில் மூடிக்கிடந்தது. 2016 டிசம்பர் 12ல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் சொந்தக்காரர் வீடு என்றால் இந்த மாதங்களில் அவர்களே உங்கள் வீட்டுக்கு வரத்தான் நினைப்பார்கள்.

டிசம்பர் பிற்பகுதி முதல் பொங்கல் வரை: சபாக்களில் மார்கழிக் கச்சேரி, ஜனவரியில் புத்தகக் காட்சி. சீதோஷ்ணம் அருமை. புயலுக்கான வாய்ப்பு குறைந்திருக்கும், முழுக்கப் போயிருக்காது.

பொங்கல் வாரம்: தவிர்க்கலாம். போகிப் புகை மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது. காணும் பொங்கலன்று மெரினாவில் மணலே தெரியாது. ஜனவரி 17 எம்.ஜி.ஆர். பிறந்தநாள், சமாதியில் கூட்டம். பண்டிகை முடிந்து சென்னை திரும்புகிற ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட்கூடக் கிடைப்பது கஷ்டம்.

ஜனவரி 20 முதல் பிப்ரவரி கடைசி வரை: என் ஓட்டு இதற்குத்தான். பகல் 29லிருந்து 31, இரவு 21, 22. பிப்ரவரியில் மழை ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. டிசம்பர் பயணத்துக்கு இருக்கும் புயல் கவலையும் இல்லை, ஏப்ரல் பயணத்துக்கு இருக்கும் வெயில் கவலையும் இல்லை. வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும். பெசன்ட் நகர், நீலாங்கரை கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலமும் இதுதான். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988லிருந்து இந்தக் கரையில் இரவு நடை போகிறார்கள்.

மார்ச்: காலையும் மாலையும் பரவாயில்லை. பகலில் 33தான் என்றாலும் பனிநிலை ஏற ஆரம்பித்திருக்கும்.

மாசம் நம்ம கையில் இல்லைன்னா?

எல்லோருக்கும் மாசத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்காது. கல்யாணம் வைகாசியில் வரும், ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் ஜூனில் கிடைக்கும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா பங்குனியில்தான் நடக்கும், அதை ஜனவரிக்கு மாற்ற முடியாது. அப்போது மாசத்துக்குப் பதில் மணியைத் தேர்ந்தெடுங்கள்.

வெளி வேலை எல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், இல்லையென்றால் ஐந்து மணிக்கு மேல். பதினொன்றிலிருந்து நாலு வரை கூரைக்குக் கீழே. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ. முதல் நாளே ஊர் சுற்ற வேண்டாம், ரயிலில் தூங்காமல் வந்த உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். பிரஷர், இதய நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யாராவது தலை சுற்றி உட்கார்ந்தால் நிழல், ஈரத்துணி, விசிறி. நினைவு இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108. வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.

ஓடுதுல!

ஆச்சி இந்த ஜனவரி கடைசி வாரம் வந்தார்கள். முதல் நாள் முழுக்கச் சித்தப்பா வீட்டில் ஓய்வு. மறுநாள் காலையிலேயே மெரினா. நடைபயிற்சிக்கு வந்திருந்த பாதிப் பேர் மங்கி குல்லாவும் மப்ளருமாக இருந்ததைப் பார்த்து, "ஏல, இவங்களுக்கு என்ன காச்சலா?" என்று கேட்டார்கள். 22 டிகிரி என்பது சென்னைவாசிக்குக் கடுங்குளிர் என்று விளக்கினேன். நம்பவில்லை.

போன தடவை விழுந்த இடத்தை நானே அடையாளம் கண்டுபிடித்தேன். ஆச்சிக்கு ஞாபகமில்லை, நானும் சொல்லவில்லை. இளநீர்க்கார அக்காவைத் தேடினேன், அந்த நேரத்துக்கு இன்னும் கடை போடவில்லை.

வெயில் ஏறும் முன்பே சமாதிக்குப் போய்விட்டோம். எம்.ஜி.ஆரின் வாட்ச் உள்ளே இன்னும் ஓடுகிறது என்று ஊரில் சொல்வார்களே, அதைக் கேட்கத்தான் ஆச்சிக்கு இத்தனை ஆசை. குனிந்து பளிங்குக் கல்லில் காதை வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். கல் ஜில்லென்று இருந்தது. ஜூன் மத்தியானத்தில் அதே கல்லில் கன்னத்தை வைத்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தவர்கள் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஓடுதுல!"

நண்பர்களே, அடுத்த தடவை ஊரிலிருந்து யாராவது "எப்ப வரட்டும்?" என்று கேட்டால், "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் ஆப்பைத் திறந்து, டிகிரிக்குக் கீழே ஒளிந்திருக்கும் பனிநிலையையும் ராத்திரி வெப்பத்தையும் பாருங்கள். பிறகு தேதி சொல்லுங்கள்.